பதின்மூன்றாவது ஏழை

வெறுங்காலோடு நின்ற ஒரு மனிதரை ஏழை என்று நினைத்தது என் பிழையா, ஒக்லாந்தின் பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் மகளைக் கேட்டால் முழுப் பிழையும் அம்மாவுடையது என்பாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. இப்போது தன் பிள்ளைகளுக்கும் அந்தக் கதையைச் சொல்லி, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஆனால் கதை அந்த வெறுங்காலில் தொடங்கவில்லை. கொழும்பில், அந்தோனியார் கோயிலில், நான் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் தொடங்கியது.

நான் மன்னாரில் கணிதம் படிப்பித்தவள். சண்டை எங்களைக் கொழும்புக்குத் தள்ளிய பிறகு நியூசிலாந்துக்கு விண்ணப்பம் போட்டோம். என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் புள்ளிகள் கிடைத்தன. எனக்கும் மகளுக்கும் மகனுக்கும் விசா வந்தது. என் கணவருக்கு வரவில்லை. மருத்துவப் பரிசோதனையில் அவருடைய நெஞ்சுப் படத்தில் ஒரு சின்ன நிழல் தெரிந்ததாம். மாதக்கணக்கில் மருந்து குடிக்க வேண்டும், பிறகு மறுபடி படம் எடுக்க வேண்டும், படம் தெளிந்தால் விசா என்றார்கள். தெளியாவிட்டால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் மூவரின் விசாவும் அதுவரை காத்திருக்காது.

“நீர் பிள்ளையளோடை முதல்லை போம். நான் பின்னாலை வாறன்” என்றார் அவர், ஏதோ அடுத்த பஸ்ஸில் வருகிறவர்போல.

அன்றைக்கு நான்கு பேரும் கோயிலுக்குப் போனோம். செவ்வாய்க்கிழமை, சனம் நெருக்கித் தள்ளியது. கோயில் வாசலில் யாரோ ஒருவர் தன் நேர்த்திக்கடனுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார். தரையில் வரிசையாக இருந்து சாப்பிட்டவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. யாருடைய இலையும் மிதிபடாமல் என் கணவர் மகனைத் தூக்கிக்கொண்டு பார்த்துப் பார்த்து நடந்தார். உள்ளே போய் நான் ஒரு வெள்ளைத் துணியில் நாணயமொன்றை முடிந்து நேர்த்தி வைத்தேன். “அந்தோனியாரே, இந்த மனுசனை என்னட்டைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பதின்மூண்டு ஏழையளை மேசையிலை இருத்தி, என்ரை கையாலை சோறு போடுறன்.”

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். அந்தோனியாரின் திருநாள் பதின்மூன்றாம் திகதி என்பதால் பதின்மூன்று பேர். நேர்த்தி வைத்த வீட்டாரும் சமைத்தவர்களும் அந்தப் பந்தியில் இருக்கக்கூடாது. பரிமாறி முடித்த பிறகு அடுப்படியில் நின்று மிச்சத்தைத்தான் சாப்பிட வேண்டும். இதெல்லாம் வேதாகமத்தில் எங்கேயும் இல்லை. எங்கள் ஆட்கள் தாங்களாகப் போட்டுக்கொண்ட சட்டம். அப்படிப்பட்ட சட்டங்களைத்தான் நாங்கள் ஒருநாளும் மீறமாட்டோம்.

ஒக்லாந்தில் த்ரீ கிங்ஸ் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக நான்கு வீடுகள், மூன்றாவது எங்களுடையது. என் படிப்பை வைத்து இங்கே படிப்பிக்க இன்னும் சில பரீட்சைகள் எழுத வேண்டும் என்றார்கள். அதுவரைக்கும் பென்ரோஸில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் மலைபோல வரும். இரண்டு பேராகப் பிடித்து மடிக்க வேண்டும். மறுமுனையைப் பிடித்தவள் ஒரு சமோவாப் பெண். வேலை முழுக்க ஞானப்பாட்டுத்தான் பாடுவாள். முதல் வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாம் மாதம் அவள் ஒருநாள் வராதபோது, பாட்டில்லாமல் என் கை மடிக்க மறுத்தது. கேத்திரகணிதம் படிப்பித்த கைகளால் விரிப்பின் மூலையை மூலையோடு சேர்க்கும்போதெல்லாம் எனக்குள்ளே ஒரு புழுக்கம் இருந்தது. இதற்குத்தானா வந்தேன் என்று ஒரு நாளைக்கு நாலு தரம் கேட்டுக்கொள்வேன்.

என் கணவர் வாரம் ஒரு கடிதம் எழுதுவார். கொட்டாஞ்சேனையில், அந்தக் கோயிலுக்குக் கிட்ட, ஒரு லொட்ஜில் அறை. முதல் இரண்டு கடிதங்களில் அந்த லொட்ஜின் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று எழுதினார். பிறகு அந்தக் குறை வரவில்லை. “சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை, அந்தோனியார் பார்த்துக்கொள்கிறார்” என்று ஒரு வரி மட்டும் ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கும். மனுசனுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நான் நினைத்தேன்.

ஏழு மாதம் கழித்து இரண்டாவது படம் எடுத்தார்கள். நிழல் அப்படியே இருக்கிறதாம். இன்னும் ஆறு மாதம் மருந்து. அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, அலுமாரிக்கு மேலிருந்த அந்தோனியாரின் சுரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். “உமக்கு நான் ஒரு குறையும் வைக்கேல்லை. இனி நீர் சுவரைப் பாரும்.” மறுநாள் பார்த்தால் அவர் மறுபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் வேலை. மூன்று நாள் நான் திருப்புவதும் அவள் திருப்புவதுமாகப் போனது. நாலாம் நாள் எனக்கே வெட்கமாகிவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நேர்த்தியைப் பிறகு செய்கிறேன் என்றுதானே சொன்னேன்? அந்தோனியார் என்னை நம்பவில்லைப் போலும். முன்னாலேயே செய்துவிட்டால் அவருக்குச் சாட்டுச் சொல்ல இடமிருக்காது. அடுத்த படம் எடுக்கும் நாளுக்கு முன் பதின்மூன்று ஏழைகளுக்குச் சோறு போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டுக்காரியிடம்தான் முதலில் சொன்னேன். அவள் மலேசியாக்காரி, முருகபக்தை, என்னைவிட நான்கைந்து வயது இளையவள். வந்த முதல் வாரமே ஒரு சட்டியில் மீன்குழம்போடு என் கதவைத் தட்டியவள்.

“என்னாக்கா இது, சாமிக்கே அட்வான்சா?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “சரி, என்கிட்ட பெரிய குண்டான் ரெண்டு இருக்கு. நாற்காலியும் தரேன். ஆனா ஏழைங்களுக்கு எங்க போவீங்க?” என்றாள்.

அதுதானே கேள்வி. மன்னாரில் ஏழைகளை யாரும் தேடிப் போவதில்லை. கோயில் வாசலில் அவர்களாகவே இருப்பார்கள். இங்கே கோயில் வாசலில் கார்கள்தான் நிற்கின்றன. மூன்று ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஏழை யார் என்று நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது?

அப்படியிருக்கும்போதுதான், த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் அந்த மனிதரைக் கண்டேன். குளிர்காலம், வெளியில் மழை. அவர் கிழிந்த அரைக்காற்சட்டையும், பெயின்ற் சிந்திய ஒரு பழைய சுவெட்டரும் போட்டிருந்தார். தாடி சீவப்படவில்லை. காலில் செருப்பில்லை! விறைத்துப்போகிற குளிரில், பாண் ரொட்டிகள் வைத்திருந்த தட்டுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. நேரே போனேன்.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, நோ. ப்ளீஸ். அப்பிடிக் கேக்கேலாது.”

“சும்மா இரு. நான் என்ன அந்த மனுசனைக் கடிக்கவே போறன்?”

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்குச் சாப்பிட வரமுடியுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, கட்டாயம் வருகிறேன் என்றார். விலாசத்தைக் கையிலேயே எழுதிக்கொண்டார். எழுதத் துண்டுக் கடதாசிகூட இல்லாத மனிதர் என்று அதற்கும் பரிதாபப்பட்டேன். மகள் வீடு வந்து சேரும்வரை என்னோடு கதைக்கவில்லை.

ஒருவர் கிடைத்துவிட்டார், மிச்சம் பன்னிரண்டு பேர். நான் பங்குச் சுவாமியிடம், எங்கள் கோயில் பாதிரியாரிடம், போனேன். அவர் எழுபதை நெருங்கிய வெள்ளைக்காரர், கம்பளிச் சட்டையின் முழங்கையில் ஒட்டுப் போட்டிருப்பார். பங்கில் இருக்கும் ஏழைக் குடும்பங்களின் பட்டியலைத் தரமுடியுமா என்று கேட்டேன். தரமுடியாது என்றார். அந்தப் பட்டியலை யாருக்கும் காட்டுவதில்லை, அவர்களுக்கும் மானம் மரியாதை இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். எங்கள் வீட்டுப் பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டு எழுந்திருக்கிறார்கள், கொடுத்துப் பழகிய கை இது என்றெல்லாம் நான் அரைமணி நேரம் அளந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து வேலையால் வந்தால், வாசலில் ஒரு பெட்டி. உள்ளே தகரத்தில் அடைத்த ஸ்பகெட்டி, பால்மா, பிஸ்கற், ஒரு பெரிய பீச் பழ டின், மகனுக்கு அளவான ஒரு பின்னல் தொப்பி. மேலே ஒரு அட்டை. ‘உங்கள் குடும்பத்துக்கு, பங்கு மக்களின் அன்புடன்.’

எனக்குத் தலையில் நெருப்பு மூண்டது. ஆர், எனக்கா? எனக்கா பிச்சை? ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள். குடையைக்கூட எடுக்காமல், அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, மழையில் சுவாமியின் வீட்டுக்கு நடந்தேன். பெட்டியின் அடி நனைந்து, பாதி வழியில் ஸ்பகெட்டி டின் ஒன்று உருண்டு போனது. அதைத் துரத்திப் பிடித்தபோது என் கோபம் இன்னும் கூடியது.

“சுவாமி, இது பிழையான வீட்டுக்கு வந்திட்டுது” என்று அவருடைய மேசையில் வைத்தேன்.

“சரியான வீட்டுக்குத்தான் வந்தது” என்றார் அவர். “மூன்று மாதமாக உங்கள் வீடு பட்டியலில் இருக்கிறது. தகப்பன் தூரத்தில், இரண்டு பிள்ளைகள், தாய் ஒருத்தி மட்டும் தொழிற்சாலை வேலை. இந்த மாதம் உங்கள் முறை.”

“நான் ஒரு ஆசிரியை.”

“தெரியும்.”

“நான் குடுக்கிறவள், சுவாமி. வாங்கிறவள் இல்லை.”

அவர் பெட்டியை ஒரு பிளாஸ்ரிக் பையால் சுற்றினார். கார்ச் சாவியை எடுத்தார். பெட்டியை என் மடியில் வைத்து, என்னை வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். இறங்கும்போது, “பீச் நல்ல பீச். பிள்ளைகளுக்குக் கொடுங்கள்” என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். பெட்டியை அப்படியே கழுவுதொட்டிக்குக் கீழே தள்ளி, கதவைச் சாத்தினேன்.

அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, நான் சாப்பிடாமல் இருந்தேன். பட்டியல் போட்டவர் பொய் எதுவும் எழுதவில்லை. தகப்பன் தூரத்தில்தான். தாய் ஒருத்திதான். மகனின் காதுகள் அந்த மாதம் முழுக்கக் குளிரில் சிவந்துதான் கிடந்தன. உண்மை என்பதால்தான் அவ்வளவு சுட்டது. பக்கத்து வீட்டுக்காரி வந்து என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கறந்துவிட்டாள். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “அந்தத் தொப்பிய எடுத்துப் பையனுக்குப் போடுங்க லா, முதல்ல” என்றாள். தொப்பியை மட்டும் எடுத்தேன்.

சனிக்கிழமை நெருங்கியது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை கொழும்பில் அவருக்கு மூன்றாவது படம். யார் ஏழை என்று ஆராய இனி எனக்கு மூஞ்சியும் இல்லை, நேரமும் இல்லை. கண்ணில் பட்டவர்களையெல்லாம் கூப்பிட்டேன். சமோவாத் தோழி, அவளுடைய புருசன், தாய், தங்கச்சி. ஒரே வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் ஆறு பேர். முன்வீட்டில் தனியாக ஒரு பூனையோடு இருந்த ஓய்வூதியக்காரர். கடைத்தொகுதி மனிதர். பன்னிரண்டு பேர் ஆகிவிட்டது. பதின்மூன்றாவதாகச் சுவாமியையே கூப்பிட்டேன். அவருக்கு என் கைச்சோற்றைக் காட்ட வேண்டும் என்ற வீறாப்பும் அதில் இருந்தது, மறைப்பானேன்.

“நான் ஏழையா?” என்று கேட்டார்.

“உங்கடை பேரிலை வீடு இருக்கோ?”

“இல்லை.”

“அப்ப வாங்கோ.”

சனிக்கிழமை விடிய நானும் பக்கத்து வீட்டுக்காரியும் அடுப்படியில் இறங்கினோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கோழிக் குழம்பு, அவளுடைய மாங்காய்ச் சம்பல். ஆளுக்கொரு சின்னப் பாண், அது அந்தோனியாரின் பேரில் ஏழைகளுக்குக் கொடுக்கிற வழக்கம். மேசை போதவில்லை. ஓய்வூதியக்காரர் வந்து பார்த்துவிட்டு, போய்த் தன் திருப்புளியைக் கொண்டுவந்தார். என் அறைக் கதவைக் கழற்றி, இரண்டு பெட்டிகளின் மேல் வைத்து மேசையாக்கினார். அதன்மேல் வெள்ளை விரிப்பை விரித்து மூலைகளைச் சரிசெய்தேன். மூலைகள் நேராகத்தான் வந்தன. சலவை வேலை அவ்வளவுக்காவது உதவியது.

முதலில் வந்தது ஒரு கார். நீளமான, பளபளவென்ற கார். அதிலிருந்து நன்றாக உடுத்தி, தாடி சீவி, சப்பாத்துப் போட்ட ஒரு மனிதர் இறங்கினார். கூடவே மனைவி. அவர் கையில் ஒரு வைன் போத்தல், அவர் மனைவி கையில் ஒரு பெரிய வெள்ளைக் கேக். கடைத்தொகுதி ஏழை! ஆள் எப்சம் என்கிற பணக்காரப் பகுதியில் வீடு வைத்திருக்கும் பல் வைத்தியர். அன்றைக்குத் தன் படகுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தவர், பாண் வாங்க அப்படியே வந்தாராம்.

நான் வாயை அடக்கத் தெரியாதவள். “அப்ப செருப்பு?” என்று கேட்டேன்.

“சும்மாதான் போடவில்லை” என்றார் அவர், அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

அவர் மனைவி சிரித்தார். “கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண் சாப்பிடக் கூப்பிட்டாள் என்று வந்து சொன்னார். இத்தனை வருசத்தில் அப்படி யாரும் எங்களைக் கூப்பிட்டதில்லை. நான் நம்பவில்லை. உண்மையா என்று பார்க்கத்தான் வந்தேன்” என்றார்.

மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

எல்லோரும் வந்து இருந்த பிறகு எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டேதான். பல் வைத்தியரின் மனைவி அழையாமல் வந்து ஒன்று கூட்டினார். ஆனால் யாழ்ப்பாணத்து இளைஞர்களில் நாலு பேர்தான் வந்திருந்தார்கள். “மற்ற ரெண்டு பேரையும் ஓவர்டைமுக்குக் கூப்பிட்டிட்டாங்கள், அக்கா” என்றான் ஒருவன்.

திங்கட்கிழமை படம். நேர்த்தியில் ஒரு ஆள் குறை. வந்திருந்தவர்களுக்கு இது ஒரு மத்தியானச் சாப்பாடு. எனக்கோ என் மனுசனின் நெஞ்சு. தெருவில் போகிற யாரையாவது இழுத்துவரலாமா என்று வாசலுக்கு ஓடினேன். மழையில் ஒரு குருவிகூட இல்லை. திரும்பி வந்து அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்தேன்.

“நீங்களாவது இருங்கோவன்” என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கெஞ்சினேன்.

“நான் சமைச்ச ஆளு, எப்படி உக்கார்றது? கணக்குல வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள். பிறகு அகப்பையை என் கையிலிருந்து பிடுங்கினாள். “அக்கா, நீங்க போயி உக்காருங்க.”

“விசரே உமக்கு? நேர்த்தி வைச்ச ஆள் பந்தியிலை இருக்கக்கூடாது.”

“ஏழைதானே வேணும்? உங்களுக்குப் பெட்டி வந்துச்சா இல்லியா? ஃபாதர் லிஸ்ட்ல உங்க வீடு இருக்கா இல்லியா?” அவள் குரல் உயர்ந்தது. “இங்க வந்ததுல அந்த லிஸ்ட்ல இருக்கிறது நீங்க ஒரு ஆளுதான். போங்க லா, சோறு ஆறுது.”

அடுப்படிக்கும் மேசைக்கும் நடுவில் சுவர் கிடையாது. தமிழ் தெரிந்த நாலு இளைஞர்களும் தட்டைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். தமிழ் தெரியாத சுவாமி மட்டும், என்ன விளங்கியதோ, எழுந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் போய் இருந்தேன். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

சமோவாத் தோழியின் தாய் தன் மொழியில் செபம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். என் தட்டில் சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொழும்பை விட்டு வந்த நாளிலிருந்து என் தட்டில் இன்னொருவர் கை சோறு போட்டதேயில்லை. மாதக்கணக்காகப் போட்டுக்கொண்டேயிருந்தவள் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழுதுகொண்டு, நன்றாகச் சாப்பிட்டேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. பல் வைத்தியர் உறைப்புத் தாங்காமல் என்னைவிடக் கூடுதலாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததால், என் அழுகையை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் கழுவுதொட்டிக்குக் கீழிருந்த பெட்டியை இழுத்து, பீச் டின்னை உடைத்து, அந்த வெள்ளைக் கேக்கோடு எல்லோருக்கும் கொடுத்தேன். சுவாமி இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். நல்ல பீச்தான்.

திங்கட்கிழமை எடுத்த படம் தெளிந்திருந்தது என்று மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. அந்தோனியார் தெளிய வைத்தாரா, ஒரு வருசத்துக்கு மேல் குடித்த மருந்து தெளிய வைத்ததா என்று மகள் கேட்டாள். இரண்டு பேருக்கும் நன்றி சொல்லு என்றேன். விசா வர இன்னும் நாலு மாதம் எடுத்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே.

அந்த நாலு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. பந்தி முடிந்த அடுத்த ஞாயிறே சுவாமியிடம் போய், பெட்டி கொண்டுபோகிற வேலையை எனக்குத் தரச் சொன்னேன். அவர் பட்டியலை எடுத்து என் முன்னால் வைத்தார். என் வீட்டு இலக்கத்தை அதில் என் கண்ணாலேயே பார்த்தேன். “ஆனா ஒரு சட்டம், சுவாமி. வாசல்லை வைச்சிட்டு வரக்கூடாது. உள்ளை போகவேணும். அந்த வீட்டிலை ஒரு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கவேணும். அவையளும் எங்களுக்கு ஏதாவது தரவேணும்.” அவர் சிரித்துவிட்டு, அப்படியே செய்யுங்கள் என்றார். முதல் மாதம் ஐந்து வீடு, ஐந்து தேத்தண்ணி. ஒரு வீட்டில் பால் இல்லை என்று அந்தத் தாய் கூசினாள். கொண்டுபோன பெட்டியிலிருந்தே பால்மாவை எடுத்து இருவருமாகக் கரைத்துக் குடித்தோம். பிறகு நான் பரீட்சை எழுதி, மறுபடி படிப்பிக்கவும் தொடங்கினேன். இருந்தாலும் எதற்கு இங்கே வந்தாய் என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தேத்தண்ணிதான். விரிப்பு மடித்த கடைசி மாதங்களில், இதற்குத்தானா வந்தேன் என்ற கேள்வி என்னிடம் வரவில்லை. வேலை அதே வேலைதான்.

விமான நிலையத்தில் அவரைக் கண்டதும் நான் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, உடம்பை. எலும்பும் தோலுமாக வருவார் என்று பயந்துகொண்டிருந்தேன். மனுசன் அப்படி மெலியவில்லை. வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் அவரை விட்டுப் பிரிய மனமில்லாமல் பள்ளிக்கூடம் போன மறுநாள், சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

“லொட்ஜ் சாப்பாடு வாயிலை வைக்கேலாது எண்டு எழுதினீங்கள். பிறகு எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?”

“எழுதினனான்தானே, அந்தோனியார் பார்த்தவர் எண்டு.”

“பகிடியை விட்டிட்டுச் சொல்லுங்கோ.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “ஒவ்வொரு செவ்வாயும் கோயில் வாசல்லை ஆரோ ஒருதர் நேர்த்திச் சாப்பாடு குடுப்பினம். முதல்நாள் தற்செயலாத்தான் இருந்தனான். நல்ல சோறு. பிறகு ஒரு செவ்வாயும் விடேல்லை. அங்கை இருந்த ஆக்களோடை பழகினது, மற்ற நாளுக்கும் எங்கை நல்ல சோறு கிடைக்கும் எண்டு அவையள்தான் காட்டித் தந்தவை.”

“அந்த வரிசையிலையோ? தரையிலையோ?”

“ஓம்.”

“ஏன் எனக்கு எழுதேல்லை?”

“எழுதியிருந்தா நீர் பிளேன் ஏறி வந்து சண்டை பிடிச்சிருப்பீர்” என்றார். உண்மைதான். அந்தப் பழைய நான் பிடித்திருப்பேன். “ஒருநாள் ஒரு மனுசி ரெண்டாந்தரமும் சோறு போட்டவ. மகனுக்கு விசா கிடைச்சிட்டுது, நல்லாச் சாப்பிடு ராசா எண்டு சொன்னவ. அந்த மகன் ஆரெண்டும் தெரியாது, அவ ஆரெண்டும் தெரியாது.”

நான் அகப்பையோடு அப்படியே நின்றேன். யாரோ ஒருத்தி தன் பிள்ளைக்காக வைத்த நேர்த்தி, என் மனுசனின் நெஞ்சைத் தெளிய வைத்திருக்கிறது. நானோ அந்தோனியாரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன்.

“அது கிடக்கட்டும். உம்மடை நேர்த்தியிலை பதின்மூண்டு பேரும் ஆர் ஆர்?” என்று கேட்டார்.

விரல் மடித்துச் சொன்னேன். சமோவாத் தோழி வீட்டில் நாலு பேர், இளைஞர்கள் நாலு பேர், பூனைக்காரர், பல் வைத்தியர், அவர் மனைவி, சுவாமி.

“பன்னிரண்டு. மற்ற ஆள்?”

“நான்தான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இடது கையால் பக்கத்து நாற்காலியை இழுத்தார். என்னிடமிருந்து அகப்பையை வாங்கி, என் தட்டில் சோறு போட்டார்.